சோதனை, தாவரவியல் முதலாமாண்டு

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, தங்கள் உடன்பிறந்த தம்பி தலை வணங்கிச் சமர்ப்பிக்கும் எழுத்துபூர்வமான விளக்கம்.

இங்கு நானும் தங்கள் தம்பி மனைவியும் நலம். அங்கு தாங்களும் மாமாவும் நலமுடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் முழங்கால் வலி தற்போது எந்தக் காலில் உள்ளது என்பதைத் தெரியப்படுத்தவும். நிற்க. சென்ற வியாழக்கிழமை தொலைபேசியில் தாங்கள், "வாயால சொன்னா நீ மழுப்புவே. நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பு. அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. வரலைன்னா நானே பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பி வருவேன்" என்று உத்தரவிட்டீர்கள். தாங்கள் தலைமையாசிரியை பதவியிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பதவிதான் இன்னும் தங்களிடமிருந்து ஓய்வு பெறவில்லை. ஆகவே உத்தரவுப்படி எழுதுகிறேன். இந்தத் 'தாங்கள்' என் கைக்குப் பழக்கமில்லை, ஒரு பத்திக்குள் விரல் வலிக்கிறது. இனி 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேறு குடும்பம் எதுவும் கிடையாது. நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரே மகளைத் தவிர எனக்கு வேறு பிள்ளை கிடையாது. சோதனை என்று பதினெட்டு வயதில் ஒரு பையன் எங்கள் கல்லூரியில் இல்லை. அதாவது இருக்கிறான், ஆனால் அது நான்தான். இதைப் போனில் அவசரமாகச் சொன்னபோதுதான் எல்லாம் கெட்டுப்போனது. அதனால் அடியிலிருந்து நுனிவரை பொறுமையாகச் சொல்கிறேன். நீயும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகப் படி.

மாணவர் சேர்க்கைப் பிரிவில் நான் முப்பத்தோரு வருடமாக ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அதில் கடைசி ஒன்பது வருடம் கண்காணிப்பாளர். ஜன்னல் அதேதான், நாற்காலிக்கு மட்டும் கை முளைத்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் பதினோரு படிவங்களோடு ஜன்னலுக்கு வருவார்கள், மூன்றாவது படிவத்தில் கண் கலங்குவார்கள், நான் பேனா கொடுப்பேன், எழுதி முடித்துப் போவார்கள், பேனாவும் கூடவே போய்விடும். இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில், எங்கள் முதல்வர் ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். கருத்தரங்கிலிருந்து திரும்புகிறவர்களைப் பத்து நாள் தனி அறையில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மறுநாள் காலை எங்களைக் கூப்பிட்டு, "நம்ம காலேஜுக்கு வர்ற முதல் வருஷப் பிள்ளைங்க வாசல்ல கால் வைக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வரணும். அவங்களுக்குன்னு ஒரு போர்ட்டல் பண்றோம்" என்றார். கால அட்டவணை, வகுப்பறை வரைபடம், விடுதி அறை, நூலக அட்டை, கேள்வி பதில் எல்லாம் போனிலேயே கிடைக்கும். அதற்கு மேல் 'துணை' என்று ஒரு திட்டம். யாரும் தனியாக உணரக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு புதுமுகத்தையும் அதே வகுப்பில் இன்னொரு புதுமுகத்தோடு ஜோடி சேர்த்துவிடும். செல்லப்பெயர் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். முதல்வர் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நாங்கள் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டோம்.

இதைச் செய்து தருவதற்கு மூன்று மாத ஒப்பந்தத்தில் ஒரு பெண் வந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். பழைய பதிவேடுகள் வைக்கிற அறையில், இரண்டு இரும்பு பீரோவுக்கு நடுவில் அவளுக்கு மேசை போட்டுக் கொடுத்தோம். காதில் எந்நேரமும் ஹெட்போன். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "பண்ணிடலாம் சார்." கூரை ஒழுகுகிறது என்று சொன்னால்கூடத் திரும்பிப் பார்க்காமல் "பண்ணிடலாம் சார்" என்பாள். ஆபீஸில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. "பண்ணிடலாம் வந்தாச்சா?" "பண்ணிடலாம் டீ குடிக்கப் போயிருக்கு" என்பார்கள். அவளும் அதைப் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் காதில் விழுவதில்லை.

கேள்வி பதில் பகுதியை என் தலையில் கட்டினார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். இரண்டு வாரம் மாய்ந்து மாய்ந்து பதில் எழுதி, கட்டாகக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன். அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஹெட்போனைக் கழற்றினாள்.

"சார், 'கழிவறை எங்கே?'ன்னு கேள்வி. நீங்க எழுதியிருக்கறதை நீங்களே படிங்க."

நான் படித்தேன். "மாணாக்கர் பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்டுள்ள சுகாதார வசதிகளின் அமைவிடம் குறித்து உரிய துறைத் தலைவரை அலுவலக நேரத்தில் எழுத்து மூலம் அணுகவும்." எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

"அவசரத்துல இருக்கறவன் எழுத்து மூலமா அணுகுவானா சார்?"

"முறைன்னு ஒண்ணு இருக்கேம்மா."

"பதினெட்டு வயசுப் பிள்ளை இதைப் படிச்சா கோர்ட்டு நோட்டீஸ்னு நினைச்சு ஊருக்கே ஓடிடும்" என்றாள். இருந்தாலும் நாள் நெருங்கிவிட்டதால் அப்படியே ஏற்றிவிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்து, போர்ட்டலைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். "கம்ப்யூட்டர் சுத்தமா தெரியாத ஒருத்தர் வேணும் சார். அவங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்." அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் ஆபீஸ் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. நாற்பது பேர் சோதித்தோம். மற்றவர்கள் பாதி நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் அப்படிச் செய்வேனா? படிவத்தோடு முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவன். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடவில்லை. என் போன் நம்பரையும், ஆபீஸ் அடையாள அட்டைக்கு எடுத்த புகைப்படத்தையும்கூடக் கொடுத்தேன். புகைப்படத்தை அலுவலகம் மட்டும்தான் பார்க்க முடியும் என்று போட்டிருந்தது. பிறந்த வருடம் கேட்டது. பட்டியலை எவ்வளவு கீழே இழுத்தாலும் நான் பிறந்த வருடம் வரவில்லை. நாம் பிறந்ததையே அது ஒத்துக்கொள்ளவில்லை, அக்கா. கிடைத்த வருடத்தைத் தொட்டேன், பதினெட்டு வயது ஆனது. பாடப்பிரிவு கேட்டது, விரல் பட்டது தாவரவியல். பெயருக்குப் பதில் செல்லப்பெயர்தான் கேட்டது; அந்த இடத்தில், இது சோதனைதானே என்று 'சோதனை' என்று எழுதினேன். பாதுகாவலர் எண் கேட்டது. என் எண்ணை ஏற்கவில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வேறு எண் உன்னுடையது ஒன்றுதான். உன் தம்பி மனைவியின் எண்கூட எனக்குப் பெயரைத் தொட்டால்தான் வரும். இதை அவளிடம் சொல்லிவிடாதே. (அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். சரி, விடு.) பச்சைப் பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்கக் கலர் காகிதமாகக் கொட்டியது. "வருக சோதனை! உன் கல்லூரி வாழ்க்கை இனிதே தொடங்குகிறது" என்றது. ஐம்பத்தாறு வயதில் என்னை யாரும் இவ்வளவு சந்தோஷமாக வரவேற்றதில்லை. பொய் சொல்வானேன், கொஞ்சம் பூரித்துப்போனேன்.

திறப்பதற்கு முந்தின நாள் பண்ணிடலாம் எல்லாச் சோதனைப் பதிவுகளையும் அழித்தாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் அரைகுறை. பார்த்தாலே தெரியும், அழித்துவிட்டாள். என்னுடையது மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்ததால், புகைப்படத்தைக்கூடத் திறந்து பார்க்காமல், யாரோ பொறுப்பான பையன் என்று விட்டுவிட்டாள். ஒழுங்காக இருப்பதால் வருகிற வினையைப் பார்த்தாயா?

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போர்ட்டல் திறந்தது. ஒன்பது ஐந்துக்கு வாயிற்காவலர் ஓடி வந்தார். "சார், என் கூண்டுக்குள்ள வணிகவியல் வகுப்பாம். அறுபது பேர் வந்து நிக்கறாங்க. உள்ள ஒரு ஸ்டூல்தான் இருக்கு. நான் என்ன பாடம் எடுக்கறது?" விசாரித்தால், நான் கொடுத்த வரைபடம் வடக்குக் கட்டடம் கட்டுவதற்கு முன்னால் வரைந்ததாம். அதை அவள் தலைகீழாக வேறு ஏற்றியிருந்தாள். இயற்பியல்காரர்கள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றார்கள். ஆங்கில இலக்கியம் படிக்க வந்தவர்கள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது பொருத்தமாகவே பட்டிருக்கிறது, யாரும் புகார் செய்யவில்லை. நான் பண்ணிடலாமிடம் ஓடினேன். அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அன்று மதியம் என் போனில் ஒரு செய்தி வந்தது. போர்ட்டலிலிருந்துதான். அனுப்பியவர் பெயர் 'கடைசி பெஞ்சு'. "ஹாய் சோதனை! நான்தான் உன் துணை. நானும் தாவரவியல். எங்க இருக்கே?" நான் நினைத்தேன், பண்ணிடலாம் இன்னும் சோதனையை முடிக்கவில்லை, அதற்குத்தான் இப்படி மாணவி மாதிரி எழுதிப் பார்க்கிறாள் என்று. ஒத்திகையைக்கூட எவ்வளவு அக்கறையாகச் செய்கிறாள் பார் என்று மெச்சிக்கொண்டு, அவளுக்குப் பதில் எழுதுவதாகவே எழுதினேன். அந்தப் பேச்சை அப்படியே கீழே தருகிறேன், நீயே தீர்ப்புச் சொல்.

"ஆபீஸில் இருக்கிறேன்."

"அய்யோ, முதல் நாளே ஆபீஸ்ல மாட்டிக்கிட்டியா? எதுக்கு?"

"தினமும் இங்கேதான் உட்கார வைக்கிறார்கள்."

"யாரு? என்ன தப்பு பண்ணே?"

"வேலையை ஒழுங்காகச் செய்தேன். அதுதான் தப்பு."

"சாப்பிட்டியா?"

"வீட்டில் கொடுத்தது ஆறிப்போய்விட்டது. இனிமேல்தான்."

"வீட்டுல இதெல்லாம் சொன்னியா?"

"சொல்வதில்லை. சொன்னால் யாருக்குப் புரியும்? இன்னும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் விடுதலை."

என் பணி ஓய்வைத்தான் சொன்னேன். பிறகு, "நாளைக்கு கிளாஸுக்கு வா. உனக்கு இடம் போட்டு வைக்கறேன்" என்று வந்தது. நான் சிரித்துக்கொண்டே, "முயற்சி செய்கிறேன்" என்று எழுதினேன்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மதியமானால் அந்தச் செய்தி வந்துவிடும். சாப்பிட்டியா, இன்னைக்கு யாராவது திட்டினாங்களா, மனசு எப்படி இருக்கு. நேரில் பார்த்தால் நிமிர்ந்துகூடப் பார்க்காத பெண், எழுத்தில் இவ்வளவு பாசமா என்று நினைத்தேன். அதை நேரில் கேட்டுக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அக்கா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த ஜன்னலுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு பேர் வருகிறார்கள். முப்பத்தோரு வருடத்தில் ஒருவர்கூட என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. நான் என் குறையையெல்லாம் கொட்டினேன். முதல்வர் பேச்சு, ஒழுகும் கூரை, போன பேனாக்கள், எல்லாவற்றையும். பெயர் சொல்லாமல் 'அவர்கள்' என்று எழுதினேன். அலுவலக ரகசியம் காக்கவேண்டும் அல்லவா?

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத்தான் உன் போன் வந்தது. ஜன்னலில் முப்பது பேர் வரிசை. "டேய், யாருடா அந்தச் சோதனை?" என்றாய். நான், "எல்லாருக்கும் இருக்கறதுதானே அக்கா, எந்தச் சோதனை?" என்றேன். "வேதாந்தம் பேசாதே! என்னைப் பாதுகாவலர்னு போட்டு உன் காலேஜ்ல ஒருத்தன் படிக்கறான். மூணு நாளா கிளாஸுக்கு வரலையாம், என் போனுக்கு மெசேஜ் மேல மெசேஜ். வயசு பதினெட்டாம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி பயிற்சின்னு சொல்லிட்டு ஆறு மாசம் வெளியூர்ல இருந்தியே, நினைவிருக்கா?" என்று கேட்டாய். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. உறைத்த வேகத்தில், "அக்கா, அது நான்தான்!" என்று கத்திவிட்டேன். நான் சொல்ல வந்தது ஒன்று, நீ எடுத்துக்கொண்டது ஒன்று. வரிசையிலிருந்த முப்பது பேர் எடுத்துக்கொண்டது இன்னொன்று. நீ உடனே உன் தம்பி மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாய். அவள் என்ன சொன்னாள் என்பதை எனக்கு அவளே ஒப்பித்தாள்: "அண்ணி, இவருக்கு ஒரு வீட்டுக்கு வர்ற வழியே பாதி நாள் மறந்துபோகுது. ரெண்டு வீட்டை எப்படி நினைவு வச்சுப்பாரு?" என் நற்பெயரைக் காப்பாற்றியதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியதாயிற்று.

உடனே பண்ணிடலாமிடம் ஓடி, என் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறது, அழி என்றேன். அவள் வணிகவியல்காரர்களைக் கூண்டிலிருந்து மீட்கிற வேலையில் இருந்தாள். அடுத்த வாரம் பண்ணிடலாம் என்றாள். அன்று மதியமும் 'சாப்பிட்டியா' வந்தது; அதை அவள்தான் அனுப்புகிறாள் என்று அப்போதும் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல மழை. ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். சின்ன உருவம், நனைந்த குடை, மார்போடு அணைத்த நோட்டுப் புத்தகங்கள். "சார், ஒரு பையனைக் காணோம்" என்றாள்.

"எந்த வகுப்பும்மா?"

"தாவரவியல் முதல் வருஷம்."

"பெயர்?"

"உண்மையான பேர் தெரியாது சார். போர்ட்டல்ல சோதனைன்னு இருக்கும்."

என் கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்ப் மேசைக்கடியில் உருண்டு போனது. குனிந்து எடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். மேலே அவள் பேசிக்கொண்டே இருந்தாள். "நாலு நாளா அவனுக்கு இடம் போட்டு வச்சேன் சார், வரலை. பையன்கள் விடுதியில விசாரிக்கச் சொன்னேன். பதினாலாம் நம்பர் ரூம்ல அவனுக்குக் கட்டில் ஒதுக்கியிருக்கு, போர்வை மடிச்சது மடிச்சபடி இருக்காம். வெளியில தமாஷா பேசறான். ஆனா உள்ளே ஏதோ சரியில்லை. ஆபீஸ்ல அவனை யாரோ தினமும் உக்கார வச்சுக் கொடுமைப்படுத்தறாங்க. நான் விசாரிச்சுட்டேன், இங்க கண்காணிப்பாளர்னு ஒருத்தர் இருக்காராம், எதுக்கும் சட்டம் பேசற ஆளாம். அவரைப் பத்திப் புகார் எழுதியிருக்கேன். முதல்வர்கிட்ட கொடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி, அந்தக் கண்காணிப்பாளர் யாருன்னு மட்டும் காட்டுங்க சார்."

நான் மேசைக்கடியிலிருந்து எழுந்தேன். அக்கா, கொடுமைப்படுத்தியவனும் நான், கொடுமைப்பட்டவனும் நான். இப்படி ஒரு வழக்கு எந்தக் கோர்ட்டிலும் வந்திருக்காது. "அம்மா, அந்தக் கண்காணிப்பாளர் நான்தான்" என்றேன். அவள் கண்ணில் நெருப்பு. "அந்தச் சோதனையும் நான்தான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. போனை எடுத்துக் காட்டினேன். அவள் அனுப்பிய 'சாப்பிட்டியா' எல்லாம் வரிசையாக என் கையில் இருந்தது. அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. மார்போடு வைத்திருந்ததில் ஒரு நோட்டைப் பிரித்துக் காட்டினாள். நாலு நாள் பாடம். "உனக்காகன்னு... உங்களுக்காகன்னு ரெண்டாவது பிரதி எழுதினேன். உங்களுக்கு இடம் போட்டு வச்சிருந்ததால பக்கத்துல யாரையும் உக்கார விடலை. நாலு நாளா வேற யார்கிட்டயும் நான் பேசவே இல்லை சார். இந்தக் காலேஜ்ல எனக்குக் கிடைச்ச ஒரே ஒரு ஃப்ரெண்டு. அதுவும் டெஸ்டிங்கா?" என்றாள்.

அதற்கு என்னிடம் படிவம் இல்லை. ஜன்னலில் 'உணவு இடைவேளை' பலகையைக் காலை பத்தேகாலுக்கே மாட்டிவிட்டு, அரைக்கதவைத் திறந்து வெளியே வந்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு பதிவேட்டு அறைக்குப் போனேன். பண்ணிடலாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றினாள். 'பண்ணிடலாம்' என்று சொல்லவில்லை. விறுவிறுவென்று தட்டித் திரையைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "சார், நீங்க உள்ள இருந்ததால அந்த வகுப்புல எண்ணிக்கை ஒத்தைப்படை ஆயிடுச்சு. ஒரு பொண்ணுக்குத் துணையே விழலை. நீங்க உக்காந்திருக்கறது அந்தப் பொண்ணோட இடம்" என்றாள். அந்தப் பெண்ணின் செல்லப்பெயர் 'முதல் பெஞ்சு'. நாலு நாளாக ஒரே அறையில் முதல் வரிசையில் ஒருத்தியும் கடைசி வரிசையில் ஒருத்தியும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் நான், இல்லாமலேயே.

"வாம்மா" என்று சொல்லி, நானே அவளை மாடிக்கு அழைத்துப் போனேன். தாவரவியல் வகுப்பில் பேராசிரியை போர்ட்டல் பட்டியலை வைத்து வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் படிக்கிற பழக்கம் அவருக்கு. நான் வாசலில் நின்று, "மன்னிக்கவும்" என்று ஆரம்பிப்பதற்கும், அவர் "சோதனை" என்று கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது. முப்பத்தோரு வருட ஆபீஸ் பழக்கம், பெயரைக் கூப்பிட்டால் வாய் தானாகத் திறந்துவிடுகிறது. "இருக்கிறேன்" என்றேன். அவரும் நிமிராமல் 'வருகை' என்று குறித்துவிட்டார். வகுப்பு கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. என் பக்கத்தில் நின்றவள் அப்போதுதான் சிரித்தாள். முதல் வரிசையில் ஓரமாக ஒரு பெண் மட்டும் எதற்கு என்று புரியாமல் கூடச் சிரித்தாள். நான் அவளைப் பார்த்து, "நீதானேம்மா முதல் பெஞ்சு? இது கடைசி பெஞ்சு. உனக்கு வரவேண்டிய துணை. தபால் தப்பான விலாசத்துக்குப் போய்விட்டது" என்றேன். நோட்டின் இரண்டாவது பிரதியும் அவளுக்குப் போனது. அன்று மதியம் உனக்கு, "தங்கள் மாணவர் சோதனை இன்று வகுப்புக்கு வந்தார், மகிழ்ச்சி" என்று ஒரு செய்தி வந்திருக்குமே, அதன் பின்னணி இதுதான்.

புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டதற்குக் கடைசி பெஞ்சு, "மாட்டேன் சார். திருத்திக் கொடுக்கறேன்" என்றாள். கொடுத்துவிட்டாள். முதல்வர் என்னைக் கூப்பிட்டு அதை உரக்கப் படித்தார். கண்காணிப்பாளர் போர்ட்டலில் எழுதியிருக்கிற பதில் ஒன்றுகூடப் புரியவில்லை என்றும், ஆனால் அதே ஆள் சோதனை என்ற பெயரில் எழுதும்போது நன்றாகப் புரிகிறது என்றும், ஆகவே இருநூற்றுப் பன்னிரண்டு பதில்களையும் சோதனையே திரும்ப எழுத வேண்டும் என்றும் கோரியிருந்தாள். முதல்வர் பச்சை மையில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதினார். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் நாலு நாளும் உட்கார்ந்து எழுதி முடித்தேன். கழிவறை எங்கே என்பதற்கு இப்போதைய பதில்: "மாடிப்படிக்கு இடது பக்கம். ஓடு." நேற்று மட்டும் இதற்கு நானூறு பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, இன்று புதன்கிழமை மூன்று மணிக்குப் பண்ணிடலாம் சோதனையின் பதிவை அழித்துவிடுவதாக எழுதியே கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு உனக்கு எந்தச் செய்தியும் வராது. தப்பித் தவறி வந்தாலும் எதையும் தொடாதே. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை. வந்தால் சந்தோஷம், விசாரணைக்காக வராதே என்றுதான் சொல்கிறேன். விளக்கம் திருப்தியாக இருந்தால் ஒரு வார்த்தை தெரிவிக்கவும். அடித்தல் திருத்தல் மொத்தம் இரண்டே இடம். இரண்டிலும் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கமும், வலி உள்ள காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பும். உன் ஆசி எப்போதும் போல் என் தலைமேல் இருக்கட்டும். குட்டு மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி,
கண்காணிப்பாளர், மாணவர் சேர்க்கைப் பிரிவு.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் இதை எழுத வேண்டியிருக்கிறது. மூன்று மணிக்குப் பண்ணிடலாம் அழிக்கிற பொத்தானை அழுத்தினாள். போர்ட்டலோடு ஆபீஸ் பதிவேடும் இணைந்திருக்கிறதாம். ஒரே முகம், ஒரே போன் நம்பரில் இரண்டு பேர் இருப்பதைக் கண்ட போர்ட்டல், அவர்களில் யாருடைய விவரம் முழுமையாக இருக்கிறதோ அவரை வைத்துக்கொண்டு மற்றவரை நீக்கிவிட்டது. ஆபீஸ் பதிவேட்டில் என் பிறந்த தேதி முப்பத்தோரு வருடமாகக் காலியாக இருந்திருக்கிறது, அக்கா. ஆகவே நீக்கப்பட்டவன் கண்காணிப்பாளர். மூன்றரை மணிக்குக் கைரேகைக் கருவியில் நான் விரலை வைத்தபோது ஆபீஸ் கதவு திறக்கவில்லை. "சோதனை, உன் வகுப்பு மாடியில்" என்றது. சோதனை படிப்பை விட்டால்தான் என் வேலை திரும்பும், அதற்குப் பாதுகாவலர் சம்மதம் வேண்டும் என்று நாலு மணிக்கு உனக்கு ஒரு செய்தி போயிருக்கிறது. உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுப்பதற்குள், நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு உன் பதில் வந்துவிட்டது. 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தியிருக்கிறாய். காரணம் எழுதும் கட்டத்தில், "பையன் யாருக்குப் பிறந்தவனாக இருந்தாலும் சரி, படிப்பை நடுவில் நிறுத்தக் கூடாது. இனி அவனுக்கு நான் இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். பண்ணிடலாம் அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் மறுப்பை இந்தப் பருவம் முடியும்வரை யாராலும் மாற்ற முடியாதாம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு எனக்கு வகுப்பு.